எபி ரொம்பச் சின்னதா இருக்கு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு எழுத்தாளராம். அந்த ஒரே ஒரு எழுத்தாளருக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாசகராம். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் வாயைத் திறந்து பேசுகிறவர்கள் பத்தொன்பது பேராம். அந்தப் பத்தொன்பது பேரில் முதல் ஆள் யாராம்?

நான்தான் கண்ணு. உட்கார், உட்கார். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், உனக்கு இடம் வரும். கீழே வைத்தால் கவுந்தப்பாடி வளைவில் ஒவ்வொன்றாக உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விடும். நீ சித்தோட்டில்தானே இறங்குகிறாய்? கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. முக்கால் மணி நேரம் இருக்கிறது. நான் ஈரோடு. சத்தியில் ஏறினது முதல் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது. முன் சீட்டுப் பெரியவரிடம் ஆரம்பித்தேன். அவர் ஊம் கொட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் இந்த மாதிரி ஆளுக்கு சைலன்ட் ரீடர் என்று பேர். எல்லாவற்றையும் படிப்பார்கள், ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள். எழுதுகிறவளுக்கு அவர்களைக் கண்டால் வயிறு எரியும்.

போனில் தொடர்கதை படிப்பாயா நீ? மாட்டாயா? அப்படியானால் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொரு மணிக்கு ஒரு அத்தியாயம் போடுவார்கள். எபிசோடு என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, எபி என்போம். அதற்குக் கீழே நாங்கள் கமென்ட் போடுவோம். ஒவ்வொன்றுக்கும் எழுதினவள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பேராகிவிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், கரண்டு போகும். எபி வராது. உடனே நாங்கள் கிண்டல் பண்ணுவோம். அவள் திருப்பிக் கிண்டல் பண்ணுவாள். கதை பாதி, இது பாதி. சில கதைக்கு இது முக்கால்.

இவள் பேர் மேகவாணி. புனைபெயர்தான். இரண்டு வருஷமாக அவளைப் படிக்கிறேன். இந்த மூன்றாவது கதையின் பேர் 'கரும்புக் காட்டுக் கள்வனே'. சிரிக்காதே. நானும் முதல் நாள் சிரித்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லையே நீ? சென்னிமலை ரோட்டில் ஒரு பெட்ஷீட் கம்பெனி. செக்கிங் செக்‌ஷன். இருபத்திரண்டு வருஷம். துணி என் முன்னால் ஓடும், எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவ்வளவுதான். நெய்தவனை நான் திட்டுவதில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவேன், துணி போய்விடும். அது பாவமா? நீயே சொல்லு. நல்ல பீஸ் என்று சர்டிபிகேட் கொடுக்க என்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

அதே கண்தான் கதைக்கும். மற்ற பத்தொன்பது பேரும், சரி, என்னைக் கழித்தால் பதினெட்டு, 'சூப்பர் எபி சிஸ்' என்று போடுவார்கள். பூப் படம் போடுவார்கள். நான் ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

ஹீரோ பேர் ருத்ரதேவ். ஆறடி இரண்டு அங்குலம். எட்டு கம்பெனிக்கு முதலாளி. எட்டு கம்பெனி வைத்திருக்கிறவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரும்புக் காட்டில் கதாநாயகியின் பின்னாலேயே நிற்கிறான். நான் போட்டேன்: "சிஸ், இவன் எப்ப சம்பளம் போடுவான்? எட்டு கம்பெனி லேபரும் பசியோட நிக்கறாங்க." பதில் பத்து நிமிஷத்தில் வந்தது: "சுலோக்கா, சம்பளம் போட்டாச்சு. உங்களுக்கு மட்டும் நிறுத்தி வெச்சிருக்குது. வாயைக் குறைச்சா வரும்."

சுலோக்கா என்பது நான்தான். சுலோச்சனா. 'சுலோ ஈரோடு' என்று பேர் வைத்திருந்தேன்.

அந்த ருத்ரதேவுக்கு மூன்றாம் எபியில் கண் கோபத்தில் சிவந்தது. ஐந்தாம் எபியில் சிவந்தது. எட்டில், ஒன்பதில், பதினொன்றில். நான் எண்ணிக்கொண்டே வந்து போட்டேன்: "சத்தியில கண் ஆஸ்பத்திரி இல்லீங்களா? சொட்டு மருந்தாவது வாங்கி விடுங்க." அதற்கு அவள்: "அது கண்ணுவலி இல்லீங்கக்கா. உங்க கமென்ட்டைப் படிச்சுப்போட்டு விடிய விடிய அழுகறான், பாவம்."

பாரு, இந்த மாதிரி. சட்சட்டென்று வரும் பதில். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சிரிப்பேன், பக்கத்து டேபிள் தெய்வாத்தா, "என்னக்கா, பையன் மெசேஜா?" என்பாள். பையன் பெங்களூரில் இருக்கிறான். கட்டை விரல் படம் அனுப்புவான். வீட்டில் அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார்: சோறு, காபி, சாவி, லைட்டு. குறை சொல்லவில்லை. மனிதர் நல்லவர். சும்மா சொன்னேன், அவ்வளவுதான்.

இரு, இரு, நடுவில் பேசாதே. கேள்வி எல்லாம் கடைசியில். இப்படி நடுநடுவே கேட்டால் சொல்கிறவளுக்குக் கோர்வை விட்டுப்போகும்.

எங்கே விட்டேன்? ஆ, கர்ப்பம்.

கதையைக் கதாநாயகியே சொல்வது மாதிரி எழுதியிருந்தாள். நான் போனேன், நான் அழுதேன், நான் மயங்கிச் சரிந்தேன், இப்படி. அது முக்கியம், மனசில் வைத்துக்கொள். அந்தப் பெண்ணுக்கு அம்மா கிடையாது. பன்னிரண்டாம் எபியில் லாரி மோதிச் செத்துப்போனாள். அதையும் மனசில் வைத்துக்கொள்.

ஒன்பதாம் எபியில், ஆடிப்பெருக்கு அன்றைக்கு, பவானி ஆற்றங்கரையில் வாந்தி எடுத்தாள். சரி, விசேஷம். பதினெட்டு பேரும் பூப் படம் போட்டார்கள். முப்பத்தெட்டாம் எபியில் கொலு வைக்கிறார்கள். நவராத்திரி. அடுத்த வருஷத்து நவராத்திரி! நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், இன்னொரு ஆடி எல்லாம் வந்து போய்விட்டது. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் விரல் விட்டு எண்ணினேன். பதினாலு மாசம். உடனே போட்டேன்: "சிஸ், உள்ள இருக்கிறது குழந்தையா, யானைக்குட்டியா?"

நூற்றுச் சொச்சம் பேர் சிரித்தார்கள், அன்றைக்கு. வாய் திறக்காத சைலன்ட் ரீடருக்கும் சிரிக்கிற பொம்மையை அமுக்க மட்டும் விரல் வரும். அவள் பதில் என்ன தெரியுமா? "குழந்தை எப்பவோ ரெடிங்கக்கா. வெளிய வந்தா சுலோக்கா மூக்குச் சரியில்லை, முழி சரியில்லைம்பாங்கன்னு பயந்துக்கிட்டு உள்ளயே உக்கோந்திருக்குது."

கண்ணு, அந்த வரியை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் காட்டுகிறேன்.

நாற்பத்தொன்றாம் எபி. ஒரு வழியாக இடுப்பு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரசவ வார்டு கதவு மூடியது. தொடரும் என்று போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எபி வரவில்லை. ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு எப்படி இருக்கும்? "டாக்டர் டீ குடிக்கப் போயிட்டாரா சிஸ்?" என்று போட்டேன். பதில் இல்லை. செவ்வாய் முழுக்க இல்லை.

புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். போனைத் திறக்கிறேன், டிங் என்று வந்திருக்கிறது. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே கமென்ட்டே இல்லை. நான்தான் முதல். முதல் கமென்ட் போடுவது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் போன். படித்தேன். மொத்தம் மூன்று வரி.

'அம்மா இன்று விடியற்காலை போய்விட்டாள். நேற்றுக்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இனி எனக்கென்று யாரும் இல்லை.'

அவ்வளவுதான்.

நான் என்ன நினைப்பேன்? நீ என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பாய்? கதையும் 'நான்', இதுவும் 'நான்'. எபி வருகிற இடத்தில் வந்திருக்கிறது. என் கைக்கு ஸ்டிக்கர்தான் வந்தது. தட்டினேன்:

"அம்மாதான் பன்னெண்டாவது எபிலயே லாரில அடிபட்டுச் செத்தாச்சே சிஸ்? ரெண்டாவது தடவை எப்படிச் சாவாங்க? கண்டினியூட்டி மிஸ்டேக். அப்புறம், எபி ரொம்பச் சின்னதா இருக்கு. இதுக்கா அஞ்சு நாள் காத்திருந்தோம்?"

நாலு சிரிக்கிற பொம்மை. நாலும் நான்தான் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

டப்பாவைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அறுபத்து மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, "அம்மாவுக்கு டபுள் ஆக்‌ஷன்" என்று போட்டாள். இன்னொருத்தி, "முதல் தடவை ஒத்திகை சிஸ்" என்றாள். ஒருத்தி மீம் போட்டாள், லாரி, அதற்கு முன்னால் ஒரு அம்மா மறுபடி மறுபடி எழுந்து நிற்கிறது மாதிரி. நன்றாகத்தான் செய்திருந்தாள். பதினெட்டு பேரும் மேலே இருக்கிற மூன்று வரியைப் படிக்கவே இல்லை, என் கமென்ட்டைத்தான் படித்தார்கள். அதற்கு நான் பொறுப்பா?

ஒன்றே கால் மணிக்கு மேகவாணி பதில் போட்டாள். வழக்கமான துடுக்கு எதுவும் இல்லை. "சரிங்கக்கா. மாத்திடறேன்." அவ்வளவுதான்.

என்னடா இது, சப்பென்று இருக்கிறதே என்று நினைத்தேன். தப்பை ஒத்துக்கொண்டாள், நல்ல பெண் என்று ஒரு ஹார்ட்டும் போட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு ஒரு சைலன்ட் ரீடர் வாயைத் திறந்தாள். மூன்று கதையாக, இரண்டு வருஷமாக, ஒரு புள்ளிகூட வைக்காதவள். என்ன எழுதினாள்? "இது கதை இல்லை. அறிவிப்பு."

நான் அதற்குக் கீழே, "முதல் கமென்ட்டா சிஸ்? வாங்க வாங்க, வெல்கம்" என்று போட்டேன்.

பார்த்தாயா, நீ முகத்தைத் திருப்புகிறாய். எல்லாரும் இப்படித்தான் திருப்பினார்கள். நான் வேண்டுமென்றா செய்தேன்?

சாயங்காலம் சைட்டு நடத்துகிற பத்மலோசனி மேடம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போட்டார்கள். அம்மாள் படம். ரங்கம்மாள், வயது அறுபத்தொன்று. கீழே மகள் பேர், ரங்கா ஜெராக்ஸ், சத்தியமங்கலம். பஸ்சில் நின்றுகொண்டே பார்த்தேன். என் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

அப்புறம்தான் கூத்து. அந்த அறுபத்து மூன்று சிரிப்பும் ஒன்றொன்றாக மறைந்தது. டபுள் ஆக்‌ஷன் மறைந்தது. ஒத்திகை மறைந்தது. லாரி மறைந்தது. ராத்திரிக்குள் எல்லாரும் கைகூப்பின பொம்மை. 'ஆழ்ந்த இரங்கல் சிஸ்'. ஒத்திகைக்காரிதான் எல்லாரையும்விடப் பெரிசாக எழுதியிருந்தாள், ஒரு முழப் பாரா, தாய்மை அது இது என்று. நான் மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் தப்புச் செய்தேன் என்று ஆகிவிடாதா? அதுவும் இல்லாமல், அவள் பதில் போட்டிருந்தாள் இல்லையா. என் கமென்ட்டை அழித்தால் அவள் பதிலும் சேர்ந்து போய்விடும்.

மறுநாள் மேடத்திடமிருந்து எனக்குத் தனி மெசேஜ். "மனிதாபிமானம் இல்லாதவர்களுக்கு நம் தளத்தில் இடமில்லை." தூக்கிவிட்டார்கள். சிரித்தது அறுபத்து மூன்று பேர், போனது நான் ஒருத்தி. ஒத்திகைக்காரிக்குத் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டேன். "அக்கா, நாங்க உங்களைப் பார்த்துத்தானே சிரிச்சோம்" என்றாள். நியாயமா? நீ சொல்லு.

இன்னொரு பேரில் உள்ளே போய்ப் பார்த்தேன். 'பவானி கூடுதுறை' என்று ஒரு பேர். ஒரு வார்த்தை எழுதவில்லை. சும்மா படித்துக்கொண்டு இருந்தேன். ஆமாம், சைலன்ட் ரீடர்தான். சிரிக்காதே. ஏழு வாரம். நாற்பத்திரண்டாம் எபி வரவே இல்லை. குழந்தை பிறக்கவே இல்லை. ஒருத்தியும் "எபி எப்ப சிஸ்?" என்று கேட்கவும் இல்லை. வாய்ப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். நாலைந்து பேர் வேறு கதைக்குப் போய்விட்டார்கள். அங்கே போய் 'சூப்பர் எபி சிஸ்' போடுகிறார்கள். தெரிந்ததுதானே.

அதனால்தான் இன்றைக்குப் போனேன். கம்பெனிக்கு லீவு போட்டேன். நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசினால் மறுபடி எழுத ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுதட்டும், நான் பழையபடி ஏதாவது சொல்வேன், அவள் பழையபடி என் மூக்கை அறுப்பாள். அதற்கு மேல் நான் என்ன கேட்டுவிடப் போகிறேன்? சத்தி பஸ் ஸ்டாண்டில் இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சந்து.

உள்ளே போனேன். ஒரு பெண் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு இருந்தாள். "நான்தான் சுலோக்கா" என்றேன். அவ்வளவுதான், ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் அழுதாள், நான் அழுதேன். "என்னை மன்னிச்சிரு சாமி" என்றேன். "ஐயோ, நீங்க என்னக்கா பண்ணுவீங்க, தெரியாமப் போட்டது" என்றாள். கொண்டுபோன சாத்துக்குடியை அம்மாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். காபி கொடுத்தாள். வருகிற வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டாம் எபி போடுகிறேன் என்று சத்தியம் பண்ணினாள். பெண் குழந்தையாம். "பேரு சுலோச்சனாதான்க்கா" என்றாள். சுபம்.

எப்படி இருக்கிறது?

பெரியவர் இறங்குகிறார் பார். கவுந்தப்பாடி வந்துவிட்டது. கதை முழுக்கக் கேட்டார், ஒரு வார்த்தை சொன்னாரா? ஒரு தலையாட்டல்? இதைத்தான் அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

நீ என்ன கண்ணு, என் மடியையே பார்க்கிறாய்? பையா? ஆமாம், சாத்துக்குடிதான்.

என்ன?

ஓ. படத்துக்கு முன்னால் வைத்த சாத்துக்குடி மடிக்கு எப்படி வந்தது என்கிறாய்.

கெட்டிக்காரி. செக்கிங் செக்‌ஷனுக்கு வா, அடுத்த மாசமே பர்மனன்ட் பண்ணச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் துணியில் ஊசிமுனை ஓட்டையைப் பார்க்கிறேன். இரண்டு கிலோ பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

சரி. கேள்.

கடைக்குப் போனது நிஜம். ஒரு பெண் நின்றதும் நிஜம். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். ஒல்லி. யாரோ ஒருத்தர் பட்டா காப்பி நேராக விழவில்லை என்று கத்திக்கொண்டு இருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி எடுத்துக் கொடுத்தாள். எனக்குச் சந்தேகமாகிவிட்டது. என் மேகவாணியாக இருந்தால் இந்நேரம் அந்த ஆளைப் பட்டாவோடு சேர்த்து மிஷினுக்குள் தள்ளியிருப்பாளே, இவள் யாரோ என்று நின்றேன். அவர் போனதும் என்னைப் பார்த்து, "என்ன காப்பிங்க?" என்றாள். குரலே வெளியே வரவில்லை.

நான் ஆதாரை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. "எத்தனைங்க?" என்றாள். "ஆறு" என்றேன். ஆறு எதற்கு? எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்தது. ஆதாரில் சுலோச்சனா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் பார்க்கவே இல்லை. கவிழ்த்து வைத்து மூடிவிட்டாள். ஊரில் சுலோச்சனா என்று ஆயிரம் பேர்.

மிஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் காலியாக இருந்தது. அதற்கு மேலே படம், மாலை. "அம்மாவா?" என்றேன்.

"ஆமாங்க."

"இங்கதான் உக்காந்திருப்பாங்களா?"

"ஆமாங்க. கண்ணுல புரை, சரியாத் தெரியாது. வாய் மட்டும் ஊருக்கே கேக்கும்." கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முன்பின் தெரியாத ஆளிடம் சில பேர் சொல்வார்கள் பார், அந்த மாதிரி. "நான் போன்ல கதை எழுதிட்டிருந்தேனுங்க. எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும். கதையைவிட அதுக்கு வர்ற கமென்ட்தான் அம்மாவுக்கு வேணும். ஈரோட்டுக்கார அக்கா ஒருத்தங்க குத்தம் கண்டுபிடிச்சுட்டே இருப்பாங்க. 'அவ இன்னைக்கு என்ன சொன்னா'ன்னுதான் முதல்ல கேக்கும். அந்தக்காவுக்குப் பதில் எல்லாம் அம்மா சொல்றதுதானுங்க. நான் அடிக்கறது மட்டும். எனக்கு அப்படியெல்லாம் பேச வராது."

புரிகிறதா கண்ணு? கண்ணுவலி அம்மா சொன்னது. சம்பளம் அம்மா சொன்னது. மூக்கு முழிக்குப் பயந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கிற குழந்தை, அதுவும் அந்த அம்மாள் சொன்னதுதான். அந்தப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு வருஷமாக நான் பேசிக்கொண்டு இருந்தது இவளிடம் இல்லை. ரெண்டாவது தடவை எப்படிச் சாவாங்க என்று நான் யாரைப் பற்றிக் கேட்டேனோ, அந்த அம்மாளிடம்.

ஆனாலும் கேட்டேன். "அந்த ஈரோட்டுக்காரி இப்பவும் எழுதறாங்களா?"

"இல்லீங்க. அம்மா போன அன்னைக்கு ஒண்ணு போட்டாங்க, விவரம் தெரியாம. அம்மாவை நடுவீட்டுல படுக்க வெச்சிருந்தது. போன் டிங்குன்னுச்சு. பழக்கதோஷமுங்க, எடுத்துட்டு அம்மா பக்கத்துல போய் உக்காந்துட்டேன், வாசிச்சுக் காட்டறதுக்கு."

ஆறாவது காப்பி வந்து விழுந்தது.

"கேட்டிருந்தா அம்மாதான் ரொம்பச் சிரிச்சிருக்கும்" என்றாள். "நல்லாப் பதில் சொல்லியிருக்கும். எனக்கு ஒண்ணும் தோணல. மாத்திடறேன்னு அடிச்சுப்போட்டேன்."

  கையில் பழம், வாயில் ஒன்றும் இல்லை. "எழுதறதை விட்டுடாதே சாமி" என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார், சாதிச் சான்றிதழ். நான் ஆறு காப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதோ பார், சாத்துக்குடிக்கு மேலேயே இருக்கிறது. ஆறும் என் மூஞ்சிதான்.

இனி அவள் எழுதினாலும் அந்தப் பதில் வராது கண்ணு. அதுதான். கதை எனக்கு எதற்கு? கரும்புக் காடும் எட்டு கம்பெனியும் எனக்கு எதற்கு?

என்ன, எழுந்துவிட்டாய்? சித்தோடு அதற்குள் வந்துவிட்டதா? இரு, ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறேன் என்றேனே. ஒரு சாத்துக்குடியாவது எடுத்துக்கொள். வேண்டாமா? கையில் போன் இருக்கிறதா, சரி.

சொல்லு, எப்படி இருந்தது? சும்மா சொல்லு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். என்ன? சத்தமாகச் சொல்லு, பஸ் இரைச்சலில் கேட்கவில்லை.

முதலில் சொன்ன முடிவே நன்றாக இருந்ததா?

பார்த்து, பார்த்து இறங்கு. படி உயரம்.

சரி கண்ணு. மாத்திடறேன்.